திருகும் நானும்

நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்துக்குப் பல் மாற்றுவது வாடிக்கையான வேலை. பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடக்கும் கடலூர் மணற்பாறை எஃகையே தேய்த்துவிடும். வாளி விளிம்பிலுள்ள பற்கள் மழுங்க மழுங்கக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். பல் மாறியதால் இது வேறு இயந்திரம் என்று எந்த ஷிப்டிலும் யாரும் சொல்வதில்லை.

மனிதர் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிவதில்லை. சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற தலைமுறைக்கு இது பல் கட்டும் வயது. கழற்றி மாட்டும் பல்செட் போதுமா, தாடையெலும்பில் டைட்டானியம் திருகை இறக்கிக்கொள்ளலாமா? செலவையும் சர்க்கரையையும் பேசி முடித்த பிறகு எல்லோரும் கேட்பது, எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான். எதுவரை தாங்க வேண்டும், யாருக்காகத் தாங்க வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கும் இன்னொரு கேள்வி. அதற்குப் பல் மருத்துவரிடம் பதில் கிடையாது.

முதல் கேள்விக்குச் சான்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனேமார்க் 1950களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியொன்றை வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால் கருவி வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் அதே உலோகத்தைப் பொருத்தினார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகுகள் அவருக்குப் பயன்பட்டன.

இரண்டாம் கேள்விக்கு நெய்வேலிக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதைத்தான் விசாரிக்கிறார். என் உடல் என்று ஒருவன் சொல்லும்போதே, உடையவன் வேறு, உடைமை வேறு என்றாகிறது. அப்படியானால் பிறவிப் பல்லும் கட்டிய பல்லும் உயிருக்கு ஒரே தூரம்தான், இரண்டுமே உடைமை. பௌத்தம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. நாகார்ஜுனர் பெயரால் சீன மொழியில் மட்டும் எஞ்சியிருக்கும் பெரிய உரைநூலில் ஒரு கதை வருகிறது. பாழ்வீட்டில் தங்கிய வழிப்போக்கனின் உறுப்புகளை ஒரு பேய் பிய்க்கப் பிய்க்க, இன்னொரு பேய் பிணத்தின் உறுப்புகளை அங்கே ஒட்டுகிறது. விடிந்ததும் அவன், நான் இருக்கிறேனா இல்லையா என்று துறவிகளிடம் போய்க் கேட்கிறான். உடையவன் என்று எவனும் முதலிலேயே இல்லை என்பதை நோக்கித்தான் கதை அவனை நடத்துகிறது.

மெய்கண்டாரின் வாதம் வலுவானது. ஆனாலும் தாடையில் நடப்பது அதைவிடச் சிக்கலானது. பிறவிப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்களில் தொங்குகிறது. சோற்றில் ஒரு மணல் அகப்பட்டாலும் அந்த நார்கள் உடனே சொல்லிவிடும். திருகுக்கு அந்த நார்கள் இல்லை. எலும்பு அதைத் தன்னதாக்கிக்கொள்கிறது, உணர்வோ அரைகுறையாகத்தான் வந்து சேர்கிறது. உடைமை என்ற ஒரே சொல்லில் இரண்டு பற்களையும் அடைப்பது சற்று அவசரம் என்றே தோன்றுகிறது.

தாங்குவது என்பதையே மருத்துவம் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. பத்தாண்டுக் கணக்கில் 100 திருகுகளுக்கு 95 அளவில் வாயில் நிற்கின்றன. நிற்பது ஒன்று, வெற்றி வேறு. 1986இல் ஆல்பிரெக்ட்சன் குழு வகுத்த அளவுகோல்படி, முதல் ஆண்டுக்குப் பின் சுற்றியுள்ள எலும்பு ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரைய வேண்டும். ஆட்டமோ வலியோ சீழோ இருக்கக் கூடாது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, திருகு வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதைச் சுற்றி எலும்பை அரிக்கும் அழற்சி வருவதாக மதிப்பிட்டது. டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கெடுவதெல்லாம் அதைப் பிடித்திருக்கும் உயிருள்ள சதையும் எலும்பும்தான்.

அழியாமைதான் அளவுகோல் என்றால் ஜெயிப்பது உலோகமே. அது உருக 1668 டிகிரி செல்சியஸ் வேண்டும். தகன மேடையின் சூடு பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டாது. அஸ்தி பொறுக்கும்போது திருகு முழுசாகக் கையில் வரும். எலும்போடு சேர்த்து அதையும் கடலில் கரைப்பதா என்று சாஸ்திரத்தில் தேடிப் பயனில்லை. உறவினர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நெய்வேலிக்கு அடுத்த ஊரான வடலூரின் வள்ளலார், பிணத்தைச் சுடக் கூடாது, புதைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். உடல் உயிர் கழற்றிப் போடும் சட்டையல்ல, அதையே அழியாததாக்க முடியும் என்பது அவர் நம்பிக்கை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்து அறைக்குள் போனவரின் தேகம் ஒளியாயிற்று என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதை ஏற்காதவரும் அவருடைய நித்திய கரும விதியைப் படிக்கலாம். மரணமிலாப் பெருவாழ்வைப் பேசியவர், காலையில் வேலங்குச்சியாலோ ஆலம்விழுதாலோ பல்லழுக்கு எடுத்து, பிறகு கரிசலாங்கண்ணித் தூளால் தேய்க்கச் சொல்கிறார். திருகு வைத்த மருத்துவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே: ஈறோரம் தினமும் சுத்தம், சர்க்கரையில் கட்டுப்பாடு, ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை. புகையிலையை அடியோடு விடச் சொல்வார்கள். நோயாளி பேரத்தைத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.