அழித்த கேள்விக்குறி

ஓர் அம்மாள் ரப்பரால் அழித்த கேள்விக்குறி மூன்று மாதமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர். விவிலியத்தின் சில பகுதிகளைப் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் எழுதி, ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்டித் திருத்துவது அவர் வேலை. பாலசமுத்திரத்தில் எங்கள் தெருவில்தான் தங்கியிருந்தார். நான் கிறிஸ்தவன் அல்ல, ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சொல்லில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார். ஊர் திரும்பும் நாளில் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. பழனி பஸ்ஸுக்காக நின்றபோது கைப்பிரதியைப் பிரித்து ஒரு சொல்லைக் காட்டினார். ‘ஆறுதல்’. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

“ஐயா, இது இங்கே பொருந்துமா?”

பஸ் வளைவில் திரும்பிவிட்டது. “சரிதாம்மா” என்றேன். ரப்பரை எடுத்து அந்தக் குறியை அழித்தார். தூளை ஊதினார். ஏறிவிட்டார்.

யோசித்துச் சொன்ன ‘சரி’ அல்ல அது. கிளம்புகிறவர் மனக்குறையோடு போகக் கூடாதே என்று வாயில் வந்தது.

அந்தச் சொல் இருந்தது யோவான் எழுதிய நற்செய்தியில், தனக்குப் பின் வருவார் என்று இயேசு சொல்கிற ஒருவரைப் பற்றிய இடத்தில். பழைய மொழிபெயர்ப்பில் அவர் தேற்றரவாளன். கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் துணையாளர். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல்லின் பொருள், பக்கத்தில் வந்து நிற்க அழைக்கப்பட்டவர் என்பது. கடவுளுக்கே சருவேசுரன், பராபரன், தேவன் என்று சொல் மாறி மாறி வந்திருக்கிறதே, இந்த ஒன்றுக்காக ஏன் இத்தனை தவிப்பு என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆனால் அந்த ரப்பர் தூள் கண்ணிலேயே நிற்கிறது.

சின்ன வயதில் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியில் கை வைக்கப் போவேன். “ஆறட்டும் சாமி” என்பாள் அப்பத்தா. கஞ்சி ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். எல்லாம் நேரம் போனால் தானாக ஆறுகிறவை. பக்கத்தில் ஆள் வேண்டுமென்பதில்லை. அந்த இடத்துக்கு வேண்டியதோ ஓர் ஆள்.

அப்பா இறந்தபோது வந்தவர்கள் யாரும் ஆறுதல் சொல்ல வந்தோம் என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தோம் என்றார்கள். வந்து உட்கார்ந்து, “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்கள். அம்மா முதலிலிருந்து சொன்னாள். அடுத்தவர் வந்தார், மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது, ஏன் இவளைத் திரும்பத் திரும்ப அழவைக்கிறார்கள் என்று. பதினாறாம் நாளுக்குள் அம்மா அதை உடையாமல் சொல்லி முடித்தாள். எங்கள் ஊர் இதற்கு வைத்திருக்கும் வினை ‘கேட்பது’. அதைத்தான் அந்த அம்மாளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் மலை. அதன் மேலே கொடைக்கானலில் 1891 ஆகஸ்ட் 28 அன்று, அந்த அம்மாளைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியார் கால்டுவெல் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 1838-இல் சென்னையில் வந்து இறங்கியவர். 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1875-இல் திருத்தி, விரித்து மறுபடி வெளியிட்டார். தமிழ் விவிலியத்தைத் திருத்திய குழுவிலும் இருந்தார். ஐம்பத்துமூன்று ஆண்டுகள். மலையேறியபோது அவர் தாள்களில் எத்தனை கேள்விக்குறிகள் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவற்றுக்கு யாரும் அவசரமாகச் ‘சரி’ சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்பத் தோன்றுகிறது. இந்த அம்மாளுக்குக் கிடைத்ததோ நான்கே மாதம். கடைசி நாளில் நான்.

கடிதம் எழுதலாம், முகவரி இருக்கிறது. ஆனால் என்ன எழுதுவது? ‘துக்கம் கேட்பவர்’ என்று வேதத்தில் போட்டால், அதைப் படிக்கிறவர்களுக்குச் சாவு வீடு மட்டும்தானே கண்ணில் வரும்? திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள். அவர்களுக்கு இது ஒட்டுமா?

மனைவியிடம் சொன்னேன். “அந்தம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அந்த நிறுத்தத்தில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததா, அவர் போன பிறகுதான் தோன்றியதா என்பது இப்போது எனக்கே தெளிவாக இல்லை.