தீர்ப்பிடாத செவி

துன்புறும் ஒருவர் நம்மிடம் மனம் திறந்தால், அவர் பேசி முடிக்குமுன்பே நம் நாவில் அறிவுரை வந்து நின்றுவிடுகிறது. "இதற்கெல்லாம் கலங்கலாமா?" என்கிறோம், "எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது" என்று நம் கதையைத் தொடங்குகிறோம், "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவைக்கிறோம். மூன்றிலும் நல்லெண்ணம் உண்டு. ஆயினும் மூன்றுமே பேச வந்தவரின் வாயை அடைத்துவிடுகின்றன. தீர்ப்பிடாமலும் திருத்த முற்படாமலும் ஒருவரைக் கேட்பது இன்று ஒரு தொழிலாக, அதுவும் தனி அறையில் கட்டணம் பெற்றுச் செய்யும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இதைக் காணும்போது அறநெறியில் அக்கறை உள்ளோர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுவது இயல்பே. நன்மை இது, தீமை இது என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது அன்பா, அக்கறையின்மையா? விலை கொடுத்துப் பெறும் பரிவு பரிவாகுமா?

இம்முறையின் தந்தையான அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) முதலில் சமயப் பணிக்கெனப் புறப்பட்டவர். 1924இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டுகள் பயின்றார். குறிப்பிட்ட ஒரு சமயக் கோட்பாட்டை நம்பியே தீர வேண்டிய பணியில் தம்மால் நிலைக்க முடியாது என உணர்ந்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கு மாறினார். பின்னர் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நலப் பணியில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார்.

அங்கு நடந்த ஒன்றை அவரே பதிவு செய்திருக்கிறார். அடங்காத ஒரு சிறுவனின் தாயிடம், அவருடைய புறக்கணிப்பே மகனின் நடத்தைக்குக் காரணம் என்பதை உணர்த்த ரோஜர்ஸ் பல வாரங்கள் முயன்றார், பயனில்லை. இருவருமே தோல்வியை ஒப்புக்கொண்டு விடைபெற்றனர். வாசல்வரை சென்ற அந்தப் பெண் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டார். 'உண்டு' என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரைக் கொட்டலானார். நிபுணர் வகுத்த வரிசையில் அதுவரை வராத உண்மை, அவர் தம் திட்டத்தைக் கைவிட்ட பின்னரே வெளிவந்தது. எங்கே வலிக்கிறது என்பதை வலியுடையவரே அறிவார் என்னும் பாடத்தை ரோஜர்ஸ் இங்கே கற்றார்.

1942இல் வெளியான நூலில் அவர் 'நோயாளி' என்ற சொல்லை விலக்கி, உதவியை 'நாடி வருபவர்' என்னும் பொருள்படும் சொல்லை ஆண்டார். வழிநடத்தாத முறை என்று தொடங்கியது, பின்னர் நாடி வருபவரை மையமாகக் கொண்ட முறை எனவும், இறுதியில் ஆள்மைய முறை எனவும் பெயர் பெற்றது. 1957இல் எழுதிய கட்டுரையில், மாற்றம் நிகழத் தேவையான நிலைமைகளை அவர் வரையறுத்தார். கேட்பவர் போலித்தனமின்றித் தாமாகவே இருக்க வேண்டும். வந்தவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும். அவருடைய உலகை அவர் கண்கொண்டே காண முயல வேண்டும். அவர் குறிப்பிட்டவற்றுள் சிறப்பாகப் பேசப்படுபவை இம்மூன்றே.

நம் வட்டாரங்களில் இப்பணிக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் சொல் வழங்குகிறது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. அவன் வழி சொல்கிறான். ஆனால் உடன் நடப்பதில்லை. ரோஜர்சின் ஆற்றுப்படுத்துநரோ வழி சொல்வதில்லை, உடன் நடக்கிறார். இந்த வேறுபாட்டில்தான் நம் முதல் வினா அடங்கியிருக்கிறது. வழி தெரிந்தும் சொல்லாதிருப்பது முறையா?

எடுத்துக்காட்டாக, படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் பேணிவரும் ஒரு பெண், "அவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "இப்படி நினைப்பது பாவம்" என்று சொன்னால், அவர் அந்த நினைப்பை மறைத்துக்கொண்டு வீடு திரும்புவார். "நீங்கள் மிகவும் களைத்துப்போயிருக்கிறீர்கள், அந்த எண்ணம் உங்களையே அச்சுறுத்துகிறது" என்று ஒருவர் உணர்ந்து கூறினாலோ, அவர் மேலும் பேசுவார். தம் சினம் மாமியார்மீது அன்று, பாரத்தைப் பகிராத கணவரின் உடன்பிறந்தார்மீதே என்பதை அப்போது அவரே கண்டறியக்கூடும். தம்மைத் தற்காத்துக்கொண்டிருக்கும் எவரும் தம் மனச்சான்றின் குரலைக் கேட்பது அரிது. மனச்சான்று மனிதரின் அந்தரங்கத் திருத்தலம் என்பது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழங்கிய போதனை. அத்திருத்தலத்தின் வாயிலில் நின்று உரத்துப் பேசாதிருப்பதை, நன்மை தீமையை மறுப்பதாகக் கொள்ளலாகாது.

ஆனால் எல்லாரும் இந்தப் பெண்ணைப் போன்றவர் அல்லர். வந்தவர் தம் மனைவியை அடிப்பவராக இருந்தால்? அந்த அறையில் இல்லாத ஒருத்தியின் உடலும் உயிரும் அங்கே பேசப்படுகின்றன. இங்கே 'ஏற்றுக்கொள்ளுதல்' என்பது செயலை ஏற்பதாகிவிடக் கூடாது. முதல் நிலைமையான உண்மைத்தன்மையே இதற்குத் துணை நிற்கிறது. கேட்பவருக்கு அச்சமும் கலக்கமும் எழுந்தால் அவற்றை அவர் மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் அவரும் நடிகரே. உயிருக்கு ஆபத்து நேருமாயின் இரகசியம் காக்க இயலாது என்பதை முதற்சந்திப்பிலேயே தெளிவுபடுத்துவதும் இத்தொழிலின் நன்னெறி.

1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் யூத மெய்யியலார் மார்ட்டின் பூபர் ரோஜர்சுடன் உரையாடியபோது, இதே இடத்தில்தான் கைவைத்தார். உதவி நாடி வருபவரும் உதவுபவரும் ஒரே தளத்தில் நிற்பவர் அல்லர் என்றார். ஒருவரை உள்ளவாறு ஏற்பது தொடக்கமே. அவர் ஆக வேண்டியவராக ஆகும்படி, தேவையானால் அவருக்கு எதிராகவே, அவருக்குத் துணை நிற்பதும் வேண்டும் என்பது அவர் கருத்து. மனித இயல்பின்மீது ரோஜர்ஸ் கொண்ட நம்பிக்கை பெரிது. நிலவறையில் கிடந்த உருளைக்கிழங்குகள் சிறு சாளரத்தின் ஒளியை நோக்கி வெளிறிய முளை நீட்டியதை இளமையில் கண்டு, வளரும் வேட்கை உயிரின் அடிப்படை என உணர்ந்தவர் அவர். அந்த வேட்கை உண்டு. ஆயினும் மனிதர் இருளையும் தெரிந்தெடுக்க வல்லவர் என்பதை அறிந்தோர் பூபரின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

ஒப்புரவு அருளடையாளம் இருக்க இது எதற்கு என்று கேட்போரும் உண்டு. திருச்சபைச் சட்டம் (எண் 978) ஒப்புரவு வழங்கும் குருவை நடுவராகவும் மருத்துவராகவும் காண்கிறது. பாவத்திற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் துயரம் அனைத்தும் பாவம் அன்று. கணவனை இழந்தவரின் வெறுமையையோ, இளமையில் பட்ட காயத்தையோ மன்னிப்பதற்கு அங்கே எந்தக் குற்றமும் இல்லை. கடும் மனநோயாயின் மருத்துவரை அணுக வேண்டும்; செவிமடுத்தல் மருந்துக்கு மாற்றாகாது. ஒன்றின் வேலையை மற்றொன்றின்மேல் ஏற்றும்போதுதான் குழப்பம் விளைகிறது.

இனிக் கட்டணம். நண்பரிடம் அழுதவர் மறுநாள் அவரைத் திருமண வீட்டில் சந்திக்கிறார். பட்ட உதவி கடனாகி நிற்கிறது. கட்டணமோ அந்தக் கடனை அன்றே தீர்த்துவிடுகிறது. நாடி வந்தவர் நன்றிக்குக் கட்டுப்படாமல், கேட்பவரின் மனம் நோகுமோ என்று அஞ்சாமல் பேசலாம். பணம் வாங்குவது ஒரு மணி நேரத்தையும் பயிற்சியையும் மட்டுமே. அந்த நேரத்துக்குள் மதிப்பும் பரிவும் பிறப்பது விற்பனைக்கு உரியதன்று. கூலிக்காக அவற்றை நடிப்பவர் தம் முறையின் முதல் விதியையே மீறுகிறார். ஆகவே கட்டணம் பரிவைப் பொய்யாக்கிவிடாது. அது எழுப்பும் உண்மையான கேள்வி நீதியைப் பற்றியது. தினக்கூலி பெறுபவர் அந்த அறைக்குள் எப்படி நுழைவார்? வருவாய்க்கேற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் ஆற்றுப்படுத்துநர்கள் உண்டு; அது மட்டும் போதாது.

எஞ்சிய பங்கு நம்முடையது. பயிற்சி பெற்றோரின் பணியை நாம் செய்ய இயலாது. செய்ய முற்படவும் வேண்டாம். ஆனால் நம் அன்பியக் கூட்டங்களிலும், துக்க வீட்டின் திண்ணையிலும், ஒருவர் பேசி முடிக்கும்வரை நம் அறிவுரையை நிறுத்திவைக்க இயலும். அதற்குப் பணம் தேவையில்லை, தன்னடக்கம் தேவை. இந்த வாரம் நம்மிடம் பேச வருபவரிடம், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டு நம்மால் அமைதி காக்க முடியுமா?