தன்மைப் பன்மை

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். அவனை வெளியே நிறுத்திவைத்துப் பேசினால் நாங்கள். முன்னதை உளப்பாடு என்று இலக்கணக்காரர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பாகுபாடு இல்லை. வங்காளியிலும் இல்லை. ஒரு மொழியில் ஒன்று இல்லை என்பதைப் புத்தகத்தில் படித்தால் தகவல், அவ்வளவே. பெயர்த்துச் சொல்ல வேண்டி வரும்போதுதான் அது பிரச்னையாகிறது.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் தெருக்களில் பாதிப் பேச்சு வங்காளி. லாட்ஜுப் பலகை, மெஸ்ஸின் மீன்குழம்பு விலை, மருந்துக்கடை அறிவிப்பு எல்லாம் வங்காளி எழுத்தில். ஹௌராவில் ரயிலேறி ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து காட்பாடியில் இறங்குகிறவர்கள், ஸ்டவ் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் அறையாகப் பார்த்து எடுத்து, வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளிக்கு உள்ளே பரிசோதனை. துணைக்கு வந்தவனுக்கு வெளியே காத்திருத்தல். 2025 ஜூலையில் அப்படிக் காத்திருந்த ஒரு பெரியவரோடு டீக்கடையில் பேச்சுக் கொடுக்க நேர்ந்தது. என்னோடு கிளையில் வேலை பார்க்கும் ஆம்பூர் நண்பரும் இருந்தார். நான் தமிழன் என்று தெரிந்ததும் பெரியவர் முகம் மலர்ந்து, “ஆமாதேர் நந்தா” என்றார். நந்தகுமார் சேகர். சென்னைப் பையன், 2023ல் ஒடிஷா அணியிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனவன். அந்த ஆகஸ்ட் 12ந் தேதி டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவன் போட்ட ஒரே கோலில், நாலரை வருஷம் ஜெயிக்காமலிருந்த ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது.

என்ன சொல்கிறார் என்று நண்பர் கேட்டார். எனக்குத் தயக்கம். எங்க நந்தா என்பதா, நம்ம நந்தா என்பதா? ‘ஆமாதேர்’ என்ற சொல்லில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. உன் ஊர்ப் பையனை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்கிறாரா, இவன் மூலமாக நீயும் எங்களோடு சேர்ந்தாய் என்கிறாரா? நம்ம என்றே சொல்லிவைத்தேன். பெரியவர் அதற்குள் அந்த வருஷம் வாங்கியவர்களின் பட்டியலுக்குப் போய்விட்டார். பாலஸ்தீனத்து முகமது ரஷீதை வாங்கிவிட்டோம், பிரேசில்காரன் மிகெலை வாங்கிவிட்டோம், மும்பையிலிருந்து பிபின் சிங்கைக் கொண்டுவந்துவிட்டோம். நண்பர் என் காதருகே, “இவரு எவ்ளோ போட்டாரு?” என்றார்.

வங்கிக்காரனின் கேள்விதான், ஆனாலும் தள்ளிவிடத்தக்கதல்ல. சட்டப்படி பெரியவர் எதையும் வாங்கவில்லை. 2022 முதல் அந்தக் கால்பந்தாட்ட அணிக்குப் பணம் போடுவது எமாமி கம்பெனி. எதிர்க் கட்சியான மோகன் பகானின் கால்பந்து 2020ல் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்தின் கைக்குப் போயிற்று. அந்த ஜூலையில் லீக் நடக்குமா என்பதே நிச்சயமில்லை. சம்மேளனத்துக்கும் அதன் வியாபாரக் கூட்டாளிக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்ததால் போட்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். (அது கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது.) ஆட்டமே இல்லாத ஆட்டத்துக்கு, தன்னுடையதல்லாத பணத்தில், ஆள் எடுத்துவிட்டோம் என்று ஒரு மனிதர் மகிழ்ந்துகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன்.

இதைப் பிரமை என்று சொல்லிவிடுவது சுலபம். நம் அறிவுஜீவிகள் வழக்கமாகச் சொல்வதும் அதுதான். எனக்கு அப்படிப் படவில்லை. பிரமையில் இருப்பவன் லாபத்தை மட்டும்தான் தனதாக்கிக்கொள்வான். ரசிகன் தோல்வியையும் எடுத்துக்கொள்கிறான். அந்த நாலரை வருஷ அவமானத்தை அந்தப் பெரியவர்மேல் யாரும் சுமத்தவில்லை, தானாகச் சுமந்தார்.

பேச்சு பிறகு கல்கத்தாவுக்குத் திரும்பியது. தர்மதலா, சௌரங்கி, மெட்ரோ, லைட்ஹவுஸ், குளோப் என்று இல்லாமல்போன சினிமாக் கொட்டகைகள், 2024 செப்டம்பரில் ஒரே ஒரு தடம் தவிர மற்றெல்லாம் நிறுத்தப்படும் என்று மந்திரி அறிவித்த டிராம் வண்டி. இங்கே அவருடைய இலக்கணம் மாறிவிட்டது. வாங்கிவிட்டோம், கொண்டுவந்தோம் என்றவர் இப்போது “ஹொயே கெலோ” என்றார். இதற்குத் தமிழ் தேட வேண்டியதில்லை: ஆகிப் போச்சு. போ என்கிற வினையைத் துணைக்கு வைத்து, செய்தவனை வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்தும் வித்தையில் இரண்டு மொழிகளும் ஒன்று. என் நண்பரும் உடனே சேர்ந்துகொண்டார். லாங் பஜார் போச்சு. மண்டித் தெரு போச்சு. 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பின் கலெக்டர் ஆபீஸ் வேலையென்று ஆம்பூர்க்காரன் வேலூருக்கு வருவதும் போச்சு. பாலாறு எப்போதோ போச்சு. இருவருக்கும் பொதுவான பாஷை ஏதும் இல்லாமலே ஒருவரையொருவர் பூரணமாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்தத் தலைகீழ் நிலைதான் யோசிக்க வைக்கிறது. தன் கை துளியும் படாத ஒன்றில் மனிதன் தன்மையில் பேசுகிறான்; தன் கை பட்ட ஒன்றில் எழுவாயையே விட்டுவிடுகிறான். 1946ல் ஜெர்மானியர்களின் குற்றம் பற்றி எழுதிய கார்ல் யாஸ்பர்ஸ் குற்றத்தை நான்காகப் பிரித்தார். அதில் அரசியல் குற்றம் என்பது, நான் செய்யாவிட்டாலும் என் பெயரால் நடந்ததற்கு நான் பதில் சொல்லவேண்டியிருப்பது. அதை யாரும் விரும்பி ஏற்பதில்லை. தோற்ற தேசத்தின்மேல் ஜெயித்தவர்கள் சுமத்துவார்கள். கால்பந்து ரசிகன் ஒருவன்தான், நான் அறிந்தவரை, இந்த வகைப் பொறுப்பை ஆசையோடு போய் வாங்கிக்கொள்கிறவன். அவனே தன் ஊர் விஷயத்தில் மட்டும் ஏன் சாட்சியாகிவிடுகிறான்?

காம்யூவை இங்கே இழுப்பது வழக்கம். அல்ஜியர்ஸில் இளம் வயதில் கோல்கீப்பராக இருந்தவர், காசநோய் வந்து ஆட்டம் நின்றுபோனவர். ஒழுக்கம் பற்றித் தான் அறிந்தது கால்பந்தாட்டத்துக்குக் கடமைப்பட்டது என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். பனியன்களில்கூட அச்சடித்துவிட்டார்கள். ஆனால் அது ஆடினவனின் ஒழுக்கம். பந்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்து நின்றவனின் ஒழுக்கம். கேலரியில் இருப்பவனுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அவனுடைய ஒழுக்கம் முழுக்க அவன் எந்தப் பன்மையைத் தேர்கிறான் என்பதில் அடங்கியிருக்கிறது.

(நாமும் கேலரிதான். தமிழ்ச் சூழல் சீரழிந்துவிட்டது என்று இம்மாதிரிப் பத்திரிகைகளில் வருஷத்துக்கு நாலு கட்டுரையாவது வருகிறது. எழுதியவர் அந்தச் சூழலில் எங்கே குடியிருந்தார் என்பதற்கு எந்தக் கட்டுரையிலும் விலாசம் கிடையாது.)

ரசிகனின் பன்மையை நான் புனிதமாக்கவில்லை. 1980 ஆகஸ்ட் 16ந் தேதி ஈடன் கார்டனில் இதே இரண்டு அணிகள் ஆடிய ஆட்டத்தில் கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். ‘நாங்கள்’ என்பது அதன் முற்றிய ஸ்திதியில் செய்யக்கூடியது இது. எதிரே ஒரு ‘நீங்கள்’ இல்லாமல் அதற்கு உயிர் கிடையாது. ஆகவே கழகப் பற்று விரிந்து விரிந்து ஊர்ப் பற்றாகும், பிறகு மானிடப் பற்றாகும் என்கிற பள்ளிக்கூட வியாசம் எனக்கு உதவாது. விரிவதில்லை. ஆனால் சில சமயம் உடைகிறது.

2024 ஆகஸ்ட் 9ந் தேதி கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு இளம் பெண் டாக்டர், பணியிலிருந்தபோது, பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். 18ந் தேதி நடக்கவிருந்த மோகன் பகான்-ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ரசிகர்கள் கேலரியில் நியாயம் கேட்டுக் குரல் எழுப்புவார்கள் என்ற பயமே உண்மைக் காரணம் என்று ஊர் முழுதும் பேச்சு. ஆட்டமில்லாத அந்த மாலையில் இரு கட்சி ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியத்தின் வெளியே திரண்டார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் வந்தார்கள். ஒரு கட்சிக்காரன் மற்றவனைத் தோளில் தூக்கி நின்றான். போலீஸ் தடியடி நடத்தியது.

கவனிக்கவேண்டியது, அவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரவில்லை. குடிமகன் என்கிற பொதுப்பெயரில் வந்திருக்கலாம். அப்படி வந்தவர்கள் வேறு தெருக்களில் இருந்தார்கள். இவர்கள் சிவப்பு-மஞ்சளிலும் பச்சை-அரக்கிலும் வந்தார்கள். ‘நாங்கள்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்குத்தான் அன்று ‘நாம்’ வந்தது. இரண்டு நாங்கள்களின் நடுவே இருந்த சுவர் ஒரு பெண்ணின் பொருட்டு ஒரு மாலை விழுந்தது. நிரந்தரமாக விழுந்தது என்று நான் சொல்லவில்லை. பெரியவர் அங்கே போயிருந்தாரா என்று கேட்கத் தோன்றியது. அவர் போனில் மருத்துவமனை எண் வந்ததால் எழுந்துவிட்டார்.

வேலூரில் இம்மாதிரி நாங்கள்கூட இல்லை. ஊர் நடுவே நசிவு என்று இங்கே பேசுகிறவர் பெரும்பாலும் அங்கே கடை வைத்திருந்தவர், அல்லது அவர் பிள்ளை. நசிவுக்கு அவர் காட்டும் அடையாளம் இந்த வங்காளி லாட்ஜுகள்தான்: நம்ம ஊரா இது? இதே மனிதர்கள், 2022ல் ராணிப்பேட்டையில் சி.எம்.சி. புதிய வளாகம் திறந்து சில பிரிவுகள் அங்கே மாறியபோதும், 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா நெருக்கடியால் பங்களாதேஷ் நோயாளிகள் வரத்துக் குறைந்தபோதும், ஊர் செத்துவிட்டது என்றார்கள். வந்தாலும் நசிவு, வராவிட்டாலும் நசிவு. நாற்பது நாள் இந்த ஊர்த் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தவன் உளப்பாட்டுக்குள் வருவானா என்பது, பஜாரை மீட்பது பற்றிய எந்தத் திட்டத்தையும்விட முதன்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

தண்ணீர் என்றதும் பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பிரதேசத்தில் ஏற்றுமதிக்குப் பேக்கிங் கிரெடிட் கொடுக்காத வங்கிக் கிளை அபூர்வம். அந்த வட்டியிலிருந்து எனக்குச் சம்பளம். பாலாற்றில் கை நனைக்காதவர் இங்கே யாரும் இல்லை. 1991ல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்கவேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று. சட்டக் கல்லூரிகளில் வேலூர் என்ற பெயருக்கு இதுதான் அர்த்தம். எழுவாய் இல்லாத போச்சுக்கு ஒரு நீதிமன்றம் எழுவாய் கண்டுபிடித்துக் கொடுத்தது. கொடுத்தும், ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30ல் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஈடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

அந்த வாரம் கவுண்டரில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் பேப்பரைக் காட்டி என்னிடம் கேட்டார்: “டேனரிக்காரன் கெடுத்ததுக்கு நாம ஏன் சார் கட்டணும்?” பாலாற்றைப் பற்றி இந்தப் பக்கத்து வாயிலிருந்து ‘நாம’ என்ற சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் இருவர் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர், கிராமத்துக்காரர் என்று தெரிந்தது, ஆட்டவில்லை. சூப்பர்வைசரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நாமவில் அவரும் உண்டா என்று சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கவில்லை.