பேழையுட் கிடந்த லென்ஸ்



உடைமை வேறு, பற்று வேறு என்பது சித்தாந்த நூலுணர்ந்தார் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததே. ஆயினும் ஒரு பொருளைக் கையிற் பிடித்துக்கொண்டு, 'இதனை வைத்துக்கோடலா, விடுதலா?' என ஒருவன் மயங்கி நிற்குங்கால் அவ்வுண்மை அவனுக்குக் கைகொடாது போவதைப் பலகாற் காண்கின்றோம். துறவின் பெருமையை மேடையிற் பேசுவார் பலர். தம் வீட்டு அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்ப்பார் சிலரே. ஆதலின் இம்முறை பொதுவகையாற் பேசாது, ஒரு பொருளையே எடுத்துக்கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

நீலகிரியிற் குன்னூரை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் அலுவல் பார்த்து ஓய்வு பெற்ற அன்பரொருவர் எம்மை வினவியது இது. அவரிடம் 600 மில்லிமீட்டர் குவியத்தூரமுடைய காமிரா லென்ஸ் ஒன்று உளது. சேய்மைக்கண் நிற்கும் விலங்கையும் பறவையையும் அண்மைக்கண் நிற்பதுபோற் காட்டிப் படமெடுக்க உதவுவது. எடை ஐந்து கிலோவிற்கு மேல். பெருவிலை கொடுத்து வாங்கியது. வாங்கிய புதிதில் முக்கூர்த்திப் பக்கமும் மசினகுடிப் பக்கமும் அதனைச் சுமந்து திரிந்தார். பின்னர் முழங்கால் நோவு வந்தது. இப்பொழுது ஆண்டிற்கு ஒருமுறை தோற்பேழையைத் திறந்து, துடைத்து, மூடிவிடுகின்றார். "ஐயா, இதனை வைத்திருத்தல் பந்தமா? விற்றுவிடுதல் பற்றறுதியா? விற்றபின் வருந்துவேனோ என்னும் அச்சமும் என்னை விட்டபாடில்லை" என்றார். இது சிறு வினாவென்று தள்ளற்பாலதன்று. 'யான், எனது' என்னுஞ் செருக்கு அரண்மனையினும் புகும். ஐந்து கிலோக் கண்ணாடியினும் புகும்.

முதற்கண் அப்பொருளின் இயல்பை நோக்குவாம். அந்த லென்ஸின் ஒளிவாய் குவியத்தூரத்தில் நான்கிலொரு பங்கு அகலமுடையது. 600 மில்லிமீட்டரில் நான்கிலொன்று 150 ஆதலின், அதன் முகக்கண்ணாடி ஏறத்தாழ ஒரு சாணில் மூன்றிலிரு பங்கு அகன்றிருத்தல் வேண்டும். இத்துணை அகலம் எற்றுக்கெனின், வைகறையினும் அந்தியினும் சோலை நிழலினும் உள்ள சிற்றொளியை மிகுதியாக வாங்குதற்கென்க. விலங்குகள் வெளிப்போந்து மேயும் பொழுதுகள் அவையேயன்றோ? எனவே கனம் அதன் குற்றமன்று. ஒளியை ஏற்கும் ஆற்றலோடு உடன்பிறந்தது. அண்மைக் காலத்தில் அவ்வளவினவாகிய லென்ஸுகள் மூன்று கிலோ எடையினவாக வெளிவந்துள்ளன. அதனாற் பழையவற்றின் விலை தாழ்ந்தது. 'இன்று விற்பின் நட்டம்' என்று அன்பர் கூறுதற்குக் காரணமும் இதுவே. கொடுத்த பொருள் கொடுத்த அன்றே போயிற்று. பேழையைப் பூட்டி வைப்பதனால் அது மீளாது. இக்கணக்கை அவரும் அறிவார். அறிந்தும் விடாமையே ஈண்டு ஆராயத்தக்கது.

அற்றேல், பயன்படாத பொருளை உடனே விடுகவென்று கூறி முடிக்கலாகாதோ எனின், முடிக்கலாகாது. அருகிப் பயன்படுதல் வேறு, பயன்படாமை வேறு. திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது. ஆண்டிற்கு ஒருமுறையே ஓடுகின்றது. அதனை வீண்சுமையென்பார் உளரோ? ஏனைய நாளெல்லாம் அது நிலையில் நிற்பது, ஓடும் அந்நாளை நோக்கியே. ஆகவே 'எத்தனை முறை எடுத்தாய்?' என்னும் வினா போதாது. 'எதனை நோக்கி வைத்திருக்கின்றாய்?' என்பதே கேட்கற்பாலது.

கனத்தைப் பற்றியும் ஒன்று கூறுதும். இம்மலையடிவாரத்து முதுமலைக் காட்டில் யானையையும் காட்டெருமையையும் படம்பிடித்த மா. கிருஷ்ணனை (1912–1996) நம்மவருட் பலர் அறியார். 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் மகனார் அவர். தமிழினும் ஆங்கிலத்தினும் வல்லவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிவரை இயற்கைக் குறிப்புகள் எழுதி வந்தவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் கையாண்ட காமிராவைப் பற்றி, நீலகிரியில் வாழ்ந்த இயற்கையறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார் சுவைபட எழுதியுள்ளார். உடல் ஒரு கம்பெனியினது, தொலைநோக்கு லென்ஸ் வேறொன்றினது, ஏனைய உறுப்புகள் வேறு வேறு கம்பெனியின. இரண்டு பகுதிகளைச் சப்பாத்துக் கயிறு பிணைத்திருந்ததைக் கண்டதாகவும் அவர்க்கு நினைவு. பந்திப்பூரில் அதனைக் கண்டு வியந்த ஒருவர் இஃதென்னவென்று வினவ, 'சூப்பர் பாண்டரோசா' என்று கிருஷ்ணன் பெருமிதத்தோடு விடையிறுத்தாராம். பெயரிலேயே பளு தொனிக்கின்றது. அவர் அக்கனத்தைச் சுமையென்று எண்ணியிருப்பின் அதற்குப் பெயரிட்டு விளையாடியிரார். அப்பளு தொழிலுள் அடங்கிவிட்டது. குன்னூர் அன்பர் லென்ஸின் பளுவோ அலமாரியிற் கிடந்தபடியே அவர் நெஞ்சின்மேல் ஏறி நிற்கின்றது.

இனி நூற்கொள்கையை நோக்குவாம். உலகப் பொருளைப் பொய்யென்று தள்ளுதல் நம் மரபன்று. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு, மாயையின் காரியமாகிய தனு, கரணம், புவனம், போகம் என்பன விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வன. காமிரா கண்ணென்னும் கருவிக்குத் துணையாய கருவி. லென்ஸ் தானே காணாது. கண்ணுந் தானே காணாது. கண்ணுக்கு உயிர் காட்டியும் உடன்கண்டும் நிற்றல்போல, உயிர்க்கு இறைவன் காட்டியும் உடன்கண்டும் நிற்கின்றான் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தால் தெளியப்படுவது. திருமூலர் சூரியகாந்தக் கல்லையும் பஞ்சையும் உவமையாக எடுத்தாண்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. கல் பஞ்சைத் தானே சுடாது. ஞாயிற்றின் முன்னிலையிலேயே சுடும். குருவின் முன்னிலையில் மலம் கெடுதற்கு அவ்வுவமை வந்தது. ஒளிமுன் வையாத கல் வெறுங் கல்லேயாம். லென்ஸும் அவ்வினத்தது.

மேலும், இம்மலைநாட்டில் அது வெறுங் கல்லாய்க் கிடப்பதோடும் அமைவதில்லை. கூடலூர்ப் புறத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கும். குன்னூர்ப் புறத்தை வடகிழக்குப் பருவமழை நனைக்கும். இடையிலே பனியும் மூடுமேகமும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்து நெடுநாள் நிற்கும் இடத்தில், கண்ணாடிமீதுள்ள தூசியையும் விரற்பிசுக்கையும் உணவாகக் கொண்டு பூசணம் முளைக்கும். முதலில் சிலந்தி நூல்போல் ஓரத்திலே தோன்றும். பின்னர் அது கக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்து, கண்ணாடியிலேயே தழும்பிட்டுவிடும். அதன்பின் துடைத்தும் பயனில்லை. பூசணத்திற்கு மிக உவப்பான இடம் யாதெனின், காற்றும் வெயிலும் புகாத இருண்ட தோற்பேழையே. தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். வெயிலும் காற்றோட்டமும் அதற்குப் பகை. நாள்தோறும் வெளியே எடுத்துச் செல்லும் லென்ஸ் பெரும்பாலும் தப்பும். பொன்போற் போற்றிப் பூட்டிவைத்தது குருடாகும். காத்தலென்று அன்பர் எண்ணியது கெடுத்தலாய் முடிவதை நோக்குமின்! ஒளியை வாங்கவே ஆக்கப்பட்ட பொருளை இருளில் வைத்து, அதற்கு 'என்னுடையது' என்றும் பெயரிடுதல் என்னையோ? பற்றுடையான் பொருளைத் துய்ப்பதுமிலன், பிறர் துய்க்க விடுவதுமிலன் என்று உலோபியைக் குறித்துக் கூறுவர். அன்பர் உலோபியல்லர், நல்லியல்பினர். நல்லியல்பினரிடத்தும் ஆணவம் உலோபியின் வேலையைச் செய்துவிடுகின்றது.

உதகையிலிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையைச் சிலர் எடுத்துக்காட்டி, 'காலம் மாறின் எல்லாக் கருவியும் குப்பையே' என்பர். 1960இல் நிறுவப்பெற்று, 1967 முதல் படச்சுருள் ஆக்கிய அத்தொழிற்சாலை 1996இல் நலிவுற்றதென அறிவிக்கப்பெற்றுப் பின்னர் மூடப்பட்டது மெய்யே. ஆயின் படச்சுருளின் வழக்கு அருகிற்றேயன்றி லென்ஸின் வழக்கு அருகவில்லை. பழைய லென்ஸுகளுட் பலவற்றை இடையே ஒரு வளையம் பொருத்திப் புதிய காமிராவிலும் வைக்கலாகும். ஆகவே இதனைப் பழங்குப்பையென்று எறிதற்கும் நியாயமில்லை.

'எல்லாம் துறந்தேன்' என்று பறைசாற்றுதற்காக அதனை எவர் தலையிலேனும் கட்டிவிடுதலும் வேண்டா. துறந்தேனென்னும் செருக்கு, உடையேனென்னும் செருக்கினும் நுண்ணியது; பிடிபடாதது.

யாம் அன்பர்க்குக் கூறியது இது. முதலில் லென்ஸைப் பேழையினின்றும் எடுத்து, ஒரு விளக்கை அதன் பின்னே பிடித்து உள்ளே நோக்குக. பூசணம் இருப்பின் அறிந்த தொழிலாளரிடம் கொடுத்து உடனே துப்புரவு செய்க. அதன்பின் ஒரு வேனிற்பருவம் எல்லையாக வைத்துக்கொள்க. முழங்கால் நோவுடையார் முக்கூர்த்திக்கு ஏற வேண்டுவதில்லை. குன்னூர்த் தேயிலைப் பாத்திகளுக்கிடையே காட்டெருமை வந்து மேய்தல் அங்கு வாழ்வார் அறிந்ததே. தாழ்வாரத்தில் முக்காலியை நிறுத்தி, விலங்கை நெருங்காது, அஞ்சுவியாது, நாற்காலியில் இருந்தபடியே படமெடுக்கலாம். அப்பருவத்தில் அவர் கை தானே அதனை நாடுமாயின் வைத்துக்கொள்க. அதிற் பந்தம் யாதுமில்லை. நாடாதாயின், 'என்றேனும் வேண்டுமே' என்னும் சொல்லுக்கு இனிச் செவிகொடாதொழிக. அச்சொல் வருங்காலத்தைப் பற்றியதுபோற் காணினும், உண்மையில் மலையேறித் திரிந்த பழைய உடம்பை விடமாட்டாமையே அது. விற்கப்படுவது லென்ஸென்று அவர் எண்ணுகின்றார். விடை கொடுக்க வேண்டியதோ அவ்விளமைக்கு. அச்சத்தின் வேர் அங்கேயுளது.

கொடுக்கத் துணிந்தால், முதலில் இரவலாகக் கொடுக்கலாம். வரையாட்டையும் பறவையையும் நோக்கித் திரியும் இளைஞர் அம்மலையில் உளர். புது லென்ஸ் வாங்கும் பொருள்வலி அவருட் பலர்க்கில்லை. அவருள் ஒருவன் நல்லதொரு படமெடுத்துக் கொணர்ந்து காட்டும்பொழுது, 'இஃது என் லென்ஸில் எடுத்தது' என்னும் சொல் அன்பர் நாவில் எழுமா, எழாதா என்று அவரே பார்த்துக்கொள்க. எழின், எஞ்சிய பற்று எத்துணையென்பது அப்பொழுது புலனாகும். அதற்காக நாணவும் வேண்டா, லென்ஸைத் திரும்ப வாங்கவும் வேண்டா. விலைக்கே விற்பதாயினும் இழுக்கில்லை. பூசணத் தழும்பு இருப்பின் அதனை மறையாது சொல்லி விற்க.

எதுவாயினும் ஐப்பசி மழைக்கு முன் செய்க. முகக்கண்ணாடியின் மூடியையும் முக்காலியையும் உடன் கொடுக்க. தோற்பேழையை மட்டும் கொடுக்க வேண்டா.