வசனமே இல்லாத 14 நிமிடம்

1900-இல் நியூயார்க் மேடையேறிய நாடகம் ‘மேடம் பட்டர்ஃபிளை’. கணவன் வருவான் என்று ஒரு ஜப்பானியப் பெண் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். சுமார் 14 நிமிடம் ஒரு வசனம்கூடக் கிடையாது. அந்தி சாய்ந்து, இருட்டி, காகித விளக்குகள் அணைந்து, பொழுது புலர்வதை மேடை வெளிச்சமே சொல்லிவிடும்.

ஒரு சிறுகதையை வைத்து அதை எழுதித் தயாரித்தவர் டேவிட் பெலாஸ்கோ (1853–1931). சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, சின்னச் சின்ன வேடங்களில் தொடங்கி, நியூயார்க்கில் சொந்த அரங்கம் கட்டுமளவுக்கு உயர்ந்தவர். 1909-இல் ஒரு நாடகத்துக்காக, மலிவான விடுதியின் அறை ஒன்றிலிருந்த நைந்த கம்பளம், ஒட்டுப்போட்ட நாற்காலி, சாயம் போன சுவர்க்காகிதம் வரை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி மேடையில் பொருத்தினார்.

‘மேடம் பட்டர்ஃபிளை’யை லண்டனில் பார்த்த இத்தாலிய இசைமேதை புச்சீனிக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஆனாலும் உருகிப்போனார். 1904-இல் அதையே ஓபராவாக அரங்கேற்றினார். இன்றும் உலகெங்கும் அது பாடப்படுகிறது.

‘இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்?’ என்று நாம் ஒதுக்கிவிடும் சின்ன வேலைகளுக்குத்தான் பெலாஸ்கோ உயிரைக் கொடுத்து உழைத்தார். சமையலோ, கணக்கோ, பாடம் நடத்துவதோ, எதுவானாலும் அந்தச் சிரத்தையோடு செய்யுங்கள். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் போகலாம்; மனசுக்குத் தெரிந்துவிடும்.