ஹீற்றரும் உரையளவையும்

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டுவரும் மணிமேகலை கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் காண்பதுதான் மெய், கருதி அறிவதைத் தள்ளிவிடு என்கிறான் அவன். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் இந்த இடத்தில் தொடையில் தட்டிச் சிரிப்பார். எனக்கோ அன்றிலிருந்து மணிமேகலையோடு ஒரு வழக்கு உண்டு. என் தகப்பன் யார் என்பதை நான் அனுமானித்து அறியவில்லை. அம்மா சொன்னா, அறிந்தேன். அது உரை.

சாத்தனாரின் மணிமேகலை பௌத்தக் காப்பியம். திக்நாகர் வழிவந்த பௌத்தர்கள் காட்சி, கருதல் என்ற இரண்டு அளவைகளுக்கு, அதாவது அறியும் வழிகளுக்கு, மேல் ஏற்பதில்லை. 29ஆம் காதையில் மணிமேகலைக்குத் தருமம் சொல்லும் அறவண அடிகள் சொல்வதும் அதுவே. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியாரோ, அளவைகளை அடுக்கிச் சொல்லி அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். இரண்டா மூன்றா என்பது வெறும் கணக்குச் சண்டை இல்லை. இன்னொருவர் சொல்லிக் கேட்டது தன்னளவில் அறிவாகுமா என்பதுதான் கேள்வி. ஆகாது என்றால், சமயத்தில் பெரும்பகுதியைக் கட்டி மூலையில் வைத்துவிடலாம்.

பழைய வழக்கு மறுபடி எழும்பியது ரொறன்ரோவில், ஸ்காபரோவில், ஒரு தை மாதத்தில், என் காரின் ஹீற்றரால். சாரதிப் பக்கம் குளிர்காற்று, பக்கத்து இருக்கைக்கு நல்ல சூடு. வெளியே மைனஸ் 20 பாகை. திரையில் இரண்டு பக்கத்துக்கும் 24 என்று நிற்கிறது. மனைவி கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்க, நான் கையுறையோடு ஓட்டினேன்.

காருக்குள் வரும் சூட்டுக்குத் தனி அடுப்பு இல்லை. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய கூலன்ற், இரண்டு றப்பர் குழாய்கள் வழியாக டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீற்றர் கோர் என்ற சின்ன ரேடியேற்றருக்குள் போய்த் திரும்புகிறது. விசிறி காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றில் எவ்வளவு கோரினூடாகப் போகவேண்டும், எவ்வளவு விலகிப் போகவேண்டும் என்பதை ஒரு கதவு தீர்மானிக்கிறது. கதவைத் திருப்புவது அக்சுவேற்றர் என்ற உள்ளங்கையளவு மோட்டார். இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறு வெப்பம் வைக்கக்கூடிய கார்களில் கதவும் மோட்டாரும் பக்கத்துக்கு ஒன்று.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால், அந்தப் பக்கத்துக் கதவு சிக்கியிருக்கலாம். அல்லது கோர் பாதி அடைபட்டோ கூலன்ற் குறைந்தோ, சூடு ஒரு பக்கத்துக்குத்தான் எட்டுகிறது என்றும் இருக்கலாம். அறவண அடிகள் ஏதுப்போலியை, அதாவது ஏதுபோலத் தோன்றும் பிழையான ஏதுவை, மூன்றாகப் பிரிப்பதில் அநைகாந்திகம் என்பது இதுதான்: வேண்டிய முடிவுக்கும் வேண்டாத முடிவுக்கும் ஒருசேரப் பொருந்தி நிற்கிற ஏது. 29ஆம் காதையை மெக்கானிக் படிப்புக்குப் பாடமாக வைத்தால் நல்லது என்று நான் நினைப்பதுண்டு.

ஒரு கராஜில் காட்டினேன். "கோர் போச்சுது, டாஷ்போட்டை முழுக்கக் கழற்றவேணும்" என்றார்கள். கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய கார் பார்க்கலாம்போல இருந்தது. முன்பு கராஜ் வைத்திருந்த தம்பி ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அண்ணை, இப்ப ஒருத்தருக்கும் காசு குடுக்காதேங்கோ. எஞ்சினை நல்லாச் சூடாக்கிப்போட்டு, ஹீற்றருக்குப் போற ரெண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கோ. ரெண்டும் சுட்டால் கோர் நல்லம். ஒண்டு சுட்டு மற்றது குளிர்ந்தால் அடைப்பு."

இரண்டு உரை, ஒன்றுக்கொன்று மாறு. பௌத்தர் புன்னகைக்கும் இடம் இது: உரையை உரையால் தீர்க்க முடியாது, கடைசியில் காட்சிக்கும் கருதலுக்கும்தானே வந்தாய்? வந்தேன். மூடியைத் தூக்கி, விசிறியில் கை படாமல், எஞ்சினுக்குப் பின்னால் சுவருக்குள் நுழையும் குழாய்களில் விரலை வைத்தேன். இரண்டும், வைத்த விரலை உடனே எடுக்கவேண்டிய சூடு. கோரில் ஓட்டம் இருக்கிறது, ஆகவே குற்றம் கதவுப் பக்கத்தில். உள்ளே வந்து டாஷ்போட்டின் கீழே காதைக் கொடுத்து வெப்பத்தைக் கூட்டிக் குறைத்தால், டக், டக், டக் என்று ஒரு சத்தம்.

ஆனாலும் பௌத்தருக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய் பார்க்கவும் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றவும் மூடியைத் திறந்தபோதெல்லாம் அந்தக் குழாய்கள் என் கண்முன்னால்தான் இருந்தன. அவை எனக்கு ஒன்றையும் அறிவிக்கவில்லை. எதைத் தொடுவது, தொட்டால் தெரிவதற்கு என்ன பொருள் என்ற இரண்டையும் தந்தது தம்பியின் சொல். சூடான குழாய்க்கும் ஓட்டமுள்ள கோருக்கும் உள்ள தொடர்பை நான் கார் காராகக் கண்டு தொகுக்கவில்லை, தொகுத்தவர் சொன்னார். "அவர் நம்பத்தக்கவர், ஆகவே அவர் சொன்னதும் மெய் என்று நீ அனுமானித்தாய்" என்று பௌத்தர் சொல்லக்கூடும். இல்லை. நான் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அனுமான உறுப்புகளை வரிசை கட்டவில்லை. கேட்டேன், படியிறங்கிப் போய்த் தொட்டேன்.

திரையில் நின்ற 24ஐயும் இங்கே சொல்லவேண்டும். பலர் அதைக் காட்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது நான் கேட்ட வெப்பம், எனக்கு வந்த வெப்பம் அல்ல. என் ஆசையையே எனக்குத் திருப்பிச் சொல்லும் இலக்கம். கோயில் மண்டபங்களில் நான் கேட்கிற பிரசங்கங்களில் அரைவாசி இந்த வகை.

பற்றரியின் கறுத்த வயரைக் கழற்றிவிட்டு, பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் தலையை வைத்து மல்லாந்து படுத்து, கண்ணுக்கு எட்டாத ஸ்குரூக்களை விரலால் தடவித் தடவிக் கழற்றினேன். மோட்டாரின் உறையைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்ரிக் பற்சக்கரம், ஒரு பல் முறிந்து, அடுத்தது மழுங்கிப்போய். சக்கரம் அந்த இடத்துக்கு வந்ததும் நழுவி, திரும்ப அதே இடத்துக்கு வந்து நழுவுகிறது. சத்தம் அதுதான். புதியதைப் பூட்டி, வயரைக் கொழுவி, சாவியைத் திருப்பிவிட்டு ஒரு பொத்தானையும் தொடாமல் பொறுத்தேன். மோட்டார் கதவை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் கொண்டுபோய்த் தன் எல்லைகளைத் தானே அளந்துகொண்டது. எல்லாக் காரும் இப்படித் தானாக அளக்காது, சிலவற்றுக்குக் கருவி பூட்டிச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

இனி வழக்கின் கடினமான பக்கம். தம்பியின் சொல்லை அன்று இரவே கையால் சோதிக்க முடிந்தது. ஆகமத்தின் சொல்லை எங்கே தொட்டுப் பார்ப்பது? நியாய சூத்திரத்தில் கௌதமர் ஒரு விடை வைத்திருக்கிறார். மந்திரமும் ஆயுள்வேதமும் பலிப்பதைக் காண்கிறோம், அவை ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், வாக்கு என்பதால் பிரமாணம், வேதமும் அப்படியே. எனக்கு இது போதவில்லை. ஹீற்றரைப் பற்றிச் சரியாகச் சொன்னார் என்பதற்காக, வீட்டுக்கடனைப் பற்றித் தம்பி சொல்லும் யோசனையைக் கேட்க நான் ஆயத்தமில்லை. கேட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஆப்தர் என்பது ஓர் ஆளுக்கு முழுசாகக் கொடுக்கிற பட்டம் அல்ல, அவர் போய்வந்த வழிக்கு மட்டும் கொடுப்பது. காய்ச்சலைத் தணித்த வைத்தியர் வீடுபேற்றைக் கண்டவர் என்று எப்படிச் சொல்வது?

மற்றப் பக்கத்தில் என் மகன் நிற்கிறான். தானே சோதிக்க முடியாத சொல்லை ஏற்கமாட்டானாம். கூலன்றில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், அதனாலேயே நாய்களும் குழந்தைகளும் குடித்துவிடுவதுண்டு, உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். அவனும் இதை அறிவான், நானும் அறிவேன். இருவரும் நக்கிப் பார்த்ததில்லை. "யாரோ சோதித்திருக்கிறார்கள் அப்பா" என்கிறான். சரிதான், ஆனால் அந்த யாரோ சோதித்தார் என்பதும் அவன் காதுக்கு வந்த உரைதானே. வேண்டுமானால் யாரும் மறுபடி சோதிக்கலாம் என்பது அவன் பக்கத்தில் உள்ள பலம். அதை நான் மறுக்கவில்லை.

என் தீர்ப்பு இது. உரை மூன்றாவது அளவைதான், அருணந்தியார் சரி. ஆனால் ஆகமத்தின் சொல்லை நான் எடுத்துக்கொள்வது தம்பியின் சொல்லை எடுத்துக்கொண்ட விதமாகத்தான்: எங்கே கை வைக்கவேண்டும் என்று சொல்வதாக. குழாயைத் தொடாமல் தம்பியின் வசனத்தைக் காலையும் மாலையும் பாராயணம் செய்தால் கார் சூடாகாது. தொட்டவனுக்குக் குளிர்ந்தால், குளிர்கிறது என்று சொல்லவும் இடம் வேண்டும். தம்பியின் வசனத்தில் அதற்கு இடம் இருந்தது. நம் மேடைகளில் அந்த இடத்தைக் காணோம்.

இதை வாசிப்பவர்களுக்கு இந்தக் குளிர்காலத்தில் இதே தொல்லை வந்தால், கராஜுக்குப் போகமுன் குழாய்களைத் தொட்டுப் பாருங்கள். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போது கூலன்ற் மூடியை மட்டும் திறக்கவேண்டாம். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் அது 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி விலகினால் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இதைக் காண்டலால் அறியப் போகாதீர்கள், என் உரையை ஏற்றுக்கொள்ளுங்கள்.