நாற்பத்தோராவது பொருள்

ஒரு மனிதர் நாற்பது வருடம் தேடிச் சேர்த்த பொருட்களை அவர் மௌத்தான பிறகு பிரித்து விற்பது அவருக்குச் செய்யும் துரோகமா? இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. 2023ஆம் ஆண்டில் என் மாமாவின் வளவுக்குள் ஓர் ஏலம் நடந்தது. ஏலப் பொருட்களின் பட்டியலை எழுதியவன் நான். அன்று பிடித்த கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

மாமா என் உம்மாவின் கூடப்பிறந்தவர். வாலிபத்தில் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதினார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களின் வீடுகளிலிருந்த வயலின்களும் மேண்டலின்களும் பழைய சாமான் கடைகளுக்கு வந்துசேர்ந்தன. மாமா உடைந்தவற்றையே வாங்குவார், விலை குறைவு. இரவிரவாக இருந்து ஒட்டுவார், நரம்பு கட்டுவார். அப்படிச் சேர்ந்தது அறுபதுக்கும் மேல். ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி வந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. மணலுக்குள் தோண்டி எடுத்தவற்றை வெயிலில் வைக்காமல் நிழலிலேயே பல நாட்கள் உலர்த்தினார். போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

மாரி காலம் தொடங்கும்போது எல்லா நரம்புகளையும் தளர்த்திவிடுவார். "இறுக்கத்தில வெச்சா பலகை வளைஞ்சிரும் மகன்" என்பார். சிறு வயதில் அந்த அறைக்குள் நான் செய்த ஒரே வேலை, அவர் சொல்லும் நரம்பைத் தளர்த்துவதுதான்.

மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு மாமியின் சீதன வீடு. ஆகவே அவர் விட்டுச்சென்ற சொத்து என்று இருந்தவை அந்த அறைக்குள் இருந்தவை மட்டுமே. கடைசி இரண்டு வருட வைத்தியச் செலவில் 340,000 ரூபா கடன் மிஞ்சியிருந்தது. பங்கு பிரிப்பதற்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எஞ்சுவதில் மாமிக்குக் கால் பங்கு. மிகுதி மாமாவின் சகோதரர்கள் இருவருக்கும். உம்மா முன்பே வபாத்தாகிவிட்டதால் எனக்குப் பங்கில்லை. பங்கில்லாதவன், படித்தவன் என்பதால்தான் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் விற்பனையை எதிர்த்தேன். சேர்த்தவரின் வாழ்வு அந்தத் தொகுப்பு, அதைப் பிரிப்பது அவரையே பிரிப்பதாகும் என்று வாதாடினேன். உதாரணங்களும் சொன்னேன். கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னருக்கு ஏறக்குறைய நூறு இந்திய இசைக்கருவிகளை அனுப்பினார். அடுத்த வருடம் பிரசல்ஸில் தோன்றிய இசைக்கருவி நூதனசாலைக்கு அவையும் அடித்தளமாகின. நாமும் பாடசாலையில் ஓர் அறை ஒதுக்கினால் என்ன என்று கேட்டேன்.

இளைய மாமா அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மகன், கடன்காரன் வாசல்ல நிக்கக்குள்ள நூதனசாலை கட்டேலாது."

அந்தப் பதில் அன்று எனக்குக் கொச்சையாகப் பட்டது. தாகூர் தன் சொந்தப் பொருளைத் தன் உயிருள்ள காலத்தில் கொடுத்தார். நான் கொடுக்கச் சொன்னதோ மாமியின் கால் பங்கையும் கடன்காரரின் பணத்தையும். பிறர் பொருளில் தாராளமாக இருப்பது எவ்வளவு இலகு என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பட்டியலில் நான் முதலில் எழுதியவை நாற்பது. நாற்பத்தோராவது, ஒரு புல்புல்தாரா. தட்டச்சு இயந்திரம் போல் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் நரம்புக் கருவி அது. 1912இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட ஒரு கருவியின் வழியில் நம் பக்கத்துக்கு வந்தது. நான் ஆசிரிய கலாசாலைக்குப் போகும்போது, "இது உனக்குத்தான்" என்று மாமா சொல்லியிருந்தார். சொன்னார், தரவில்லை. கேட்டவர் யாருமில்லை. மௌத்தான மூன்றாம் நாள் இரவு அதை ஒரு சாரத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "இது மாமிக்குத் தெரியுமா?"

வாக்கு ஒரு பொருளை ஒருவருக்கு உரியதாக்குமா? ஹழ்ரத் அபூபக்ர் (ரழி) அவர்கள் தம் மகள் ஆயிஷா (ரழி) அவர்களுக்குத் தோட்டத்துப் பேரீச்சம்பழத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மகளார் அதைக் கைப்பற்றியிருக்கவில்லை. மரணப் படுக்கையில் அவர்கள், நீ அதை எடுத்திருந்தால் உனதாகியிருக்கும், இன்று அது வாரிசுகளின் சொத்து என்று சொல்லிவிட்டார்கள். இதை நான் மாணவர்களுக்குப் பல தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேர்மைக்கு உதாரணமாக! சாரத்துக்குள் இருந்த பொருளைப் பார்த்துக்கொண்டு அன்றிரவு அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது என்று மேடைப் பேச்சுப் பேசியவன்தான் அதை முதலில் பிரித்தவன். சுபஹுக்குப் பிறகு அதைத் திருப்பிக் கொண்டுபோய் மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முன்னாலேயே பட்டியலில் 41 என்று எழுதினேன்.

ஏலம் என்றதும் ஊரில் இரண்டு விதமான முணுமுணுப்பு எழுந்தது. நரம்புக் கருவி விற்ற காசு ஆகுமா என்பது ஒன்று. அந்தக் கருத்து வேறுபாடு மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் செவியேற்றலைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். அதைத் தீர்த்துவைக்கும் தகுதி எனக்கில்லை. மையித்தின் பொருளைக் கூவி விற்பது மானக்கேடு என்பது மற்றது. அதற்குப் பதில் உண்டு. யாசகம் கேட்டு வந்த ஓர் அன்சாரியின் விரிப்பையும் கோப்பையையும் நபி (ஸல்) அவர்களே கூவி விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்குக் கேட்கப்பட்டபோது, அதற்கு மேல் தருபவர் யார் என்று கேட்டு இரண்டு திர்ஹத்துக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் உணவும் மற்றதில் கோடரியும் வாங்கச் சொன்னார்கள். ஏலத்தில் மானக்கேடு இல்லை. கள்ள ஏலத்தில்தான் இருக்கிறது.

பள்ளிவாசலில் நேர்ச்சைக் கோழியும் தேங்காயும் ஏலம் போடுகிறவரே வந்து கூவினார். தொடங்குமுன் ஓர் ஹோட்டலுக்காக வந்திருந்தவர் எல்லாவற்றையும் மொத்தமாக 200,000 ரூபாவுக்குக் கேட்டார். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவாராம். என் ஆசை அப்படியே நிறைவேறியிருக்கும், ஒன்றுகூடப் பிரியாது. மாமா ஒட்டி உயிர் கொடுத்தவை ஆணியில் தொங்கும். கடனும் தீராது. ஒன்றாக இருப்பதே ஒரு நன்மை என்ற என் வாதம் அந்த இடத்தில் முறிந்தது.

இத்தாலிய வயலின் மேதை பகானினி 1840இல் இறந்தார். 1743இல் செய்யப்பட்ட தன் விருப்பமான வயலினை ஜெனோவா நகரத்துக்கு எழுதிவைத்தார். நகரம் அதைப் பாதுகாக்கிறது. இடைக்கிடை வெளியே எடுத்து வாசிக்கவும் கொடுக்கிறது. அவருடைய மற்றைய வாத்தியங்களை மகன் விற்றார். அவரிடமிருந்த நான்கு ஸ்ட்ராடிவாரி வாத்தியங்கள் கைமாறிக் கைமாறி ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. எழுதிவைத்ததும் வாழ்கிறது, விற்றதும் வாழ்கிறது. வாசிக்கும் கைக்குப் போனதே காரணம்.

தனித்தனியாக விற்றதில் 415,000 ரூபா கிடைத்தது. ஆர்மோனியத்தை ஒரு தேவாலயப் பாடகர் குழுவினர் எடுத்தார்கள். இரண்டு வயலின்களைப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துச் சங்கீத ஆசிரியை வாங்கினார். பழைய றபானை ஒரு பக்கீர் பாவா தட்டிப் பார்த்துவிட்டு 700 ரூபாவுக்கு எடுத்தார். கடன் போக மிஞ்சிய 75,000இல் மாமிக்கு 18,750. மாமாமார் இருவருக்கும் 28,125 வீதம்.

புல்புல்தாராவுக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மாஸ்டர் ஆசைப்படுகிறார் என்று ஊரார் வாயை மூடியிருப்பார்கள். விலை படுத்திருக்கும், நட்டம் மாமிக்கு. 'மூணுதரம்' என்ற சத்தம் வரும்வரை என் கை உயரத் துடித்ததை மறுக்க மாட்டேன். கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி 9,000 ரூபாவுக்குக் கொண்டுபோனார்.

அப்படியானால் துரோகம் எங்கே நடந்தது? விற்றதில் இல்லை. மௌத்தானவருக்கு நாம் கடமைப்பட்டவை கடனைத் தீர்ப்பதும் பட்டியலில் பொய் எழுதாமலிருப்பதும்தான் என்று இன்று நினைக்கிறேன். அவர் சேர்த்தவற்றின் மீதான மரியாதையை உயிரோடு இருக்கும்போது செலுத்தியிருக்க வேண்டும். இது யாருடையது, எங்கே வாங்கியது, எப்படிச் சுருதி கூட்டுவது என்று பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும்.

ஏலத்துக்கு முந்திய இரவு, ஒவ்வொரு கருவியோடும் இந்த விபரங்களை ஒரு துண்டில் எழுதி வைக்க முயன்றேன். வாங்குபவருக்கு உதவும் என்று எண்ணம். பதினேழுக்குத்தான் எழுத முடிந்தது. மற்ற இருபத்துநான்கைப் பற்றி நான் மாமாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.